எட்ட நின்று காணும் கண்

நம் கத்தோலிக்க இல்லங்களில் நடுக்கூடத்துச் சுவரை நோக்குங்கள். மேலே சேசுவின் திரு இருதயப் படம். அதன் கீழே பெற்றோரின் திருமணப் படம். அதற்கும் கீழே வெள்ளாடை உடுத்தி, கையில் மெழுகுதிரி ஏந்தி நிற்கும் பிள்ளைகளின் புதுநன்மைப் படம். மாலையில் செபமாலை சொல்ல முழந்தாளிடும் குடும்பத்தின் கண்முன் இம்மூன்றும் ஒருங்கே நிற்கின்றன. ஆகவே, புகைப்படம் நமக்கு வெறும் பொழுதுபோக்கு அன்று. இறைவனிடமிருந்து குடும்பம் பெற்ற அருள்வரங்களின் நினைவேடு அது என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால், அந்த நினைவேடு எழுதப்படும் விதந்தான் இன்று பலருடைய உள்ளத்தை நோகச் செய்கிறது. திருமணத் திருப்பலிகளில் புகைப்படக்காரர் பீடத்தின் படிகளில் ஏறி, குருவானவருக்கும் மக்களுக்கும் நடுவே நிற்கிறார். மணி ஒலிக்க, எல்லாரும் தலைவணங்கும் எழுந்தேற்ற வேளையில் பளிச்சென்று மின்னொளி வெட்டுகிறது. புதுநன்மை நாளிலோ தாய் தந்தையரே செல்பேசியை உயர்த்திப் பிடித்தவாறு நடுப்பாதைக்கு வந்துவிடுகின்றனர். பின்னால் அமர்ந்திருக்கும் பாட்டி தன் பேரன் நற்கருணை வாங்குவதைக் காண்பதில்லை. முன்னால் நிற்பவரின் செல்பேசித் திரையைத்தான் காண்கிறாள்.

திருச்சபை இதைப் பற்றிப் பேசாமல் இருந்ததில்லை. 1967ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், நற்கருணை மறைபொருளின் வழிபாடு குறித்து உரோமைத் திருச்சடங்குப் பேராயம் வெளியிட்ட அறிவுரை ஏட்டின் 23ஆம் எண் புகைப்படம் பற்றியதே. படம் எடுப்பதால் வழிபாடு, சிறப்பாகத் திருப்பலி, தடைபடவோ குலையவோ கூடாது என்றும், தக்க காரணம் இருந்தால் மிகுந்த அடக்கத்தோடு, மறைமாவட்ட ஆயர் வகுத்த முறைப்படியே படம் எடுக்கலாம் என்றும் அது கூறுகிறது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2017 நவம்பர் 8ஆம் நாள் புதன்கிழமை மறையுரையில், மறைந்த திருத்தந்தை பிரான்சிசும் இதே வேதனையை வெளியிட்டார். இதயங்களை மேலே எழுப்பும்படி குரு அழைக்கிறாரேயன்றிச் செல்பேசிகளை அன்று என்று அவர் சொன்னது அன்று உலகெங்கும் பேசப்பட்டது. திருப்பலி ஒரு காட்சி விழா அன்று என்பதே அவர் உணர்த்தியது.

படமும் வேண்டும், வழிபாடும் குலையக் கூடாது. இரண்டுக்கும் ஒரே வழிதான் உண்டு. படம் எடுப்பவர் எட்ட நிற்க வேண்டும்; எட்ட நின்றவாறே கிட்டக் காண வேண்டும்.

எட்ட நிற்க என்ன வேண்டும்?

தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கிப் படம் பிடிக்கும் லென்ஸ் நேற்று முளைத்தது அன்று. 1891இல் இங்கிலாந்தில் தாமஸ் டால்மேயர் என்பவர் அத்தகைய லென்ஸ் ஒன்றுக்குக் காப்புரிமை கோரினார். அதற்கும் முன்னரே, சேசு சபைத் துறவியும் உரோமைக் கல்லூரி வானாய்வு நிலையத்தின் தலைவருமான ஆஞ்சலோ செக்கி அடிகளார், 1860 ஜூலை 18ஆம் நாள் எசுபானிய நாட்டில் முழுச் சூரிய கிரகணத்தைத் தொலைநோக்கி வழியே படம் பிடித்தார். அதே நாட்டின் வேறோர் இடத்தில் வாரன் டி லா ரூ என்ற ஆங்கிலேயரும் படம் பிடித்தார். இரு படங்களையும் ஒப்பிட்டபோதுதான், கிரகணத்தின்போது விளிம்பில் தோன்றும் செந்தழல் நாக்குகள் சந்திரனுக்கு உரியவை அல்ல, சூரியனுக்கே உரியவை என்பது உறுதியாயிற்று. எட்டாத் தொலைவில் நின்று, இறைவனின் படைப்பை உள்ளது உள்ளவாறு கண்டு சொன்ன கண் அது.

ஒரே லென்ஸைத் திருகி, காட்சியை விரிக்கவும் சுருக்கவும் வகை செய்யும் ஜூம் லென்ஸ்கள் 35 மில்லிமீட்டர் கேமராக்களுக்கு 1959இல் வந்தன. கை நடுக்கத்தை ஈடு செய்யும் அதிர்வுத் தடுப்பு அமைப்போடு கூடிய லென்ஸைக் கேனன் நிறுவனம் 1995இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று கடைக்குச் சென்றால் இத்தகைய லென்ஸ்கள் வரிசையாய் நிற்கின்றன. எதை வாங்குவது என்பதே கேள்வி.

இந்தக் கேள்வி எங்கள் பங்குப் பேரவையின் முன் வந்தது. பங்கில் நிக்கான் டி 7200 கேமரா ஒன்று உண்டு. அதற்கென வாங்கிய சாதாரண லென்ஸும் உண்டு. அந்த லென்ஸால் எடுக்க வேண்டுமானால் பீடத்தருகே போய்த்தான் ஆக வேண்டும். ஆகவே, தொலைவிலிருந்து எடுக்கும் லென்ஸ் ஒன்று வாங்கலாம் என்று பங்குத்தந்தை கூறினார். அன்பியங்கள் வழியே பணம் திரண்டது. பனையோலைப் பெட்டி முடைந்து விற்கும் ஒரு தாய் நூறு ரூபாயை முடிச்சிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், எந்த லென்ஸ் என்று முடிவு செய்யும் பொறுப்பை என்மேல் வைத்தனர். அந்த நூறு ரூபாயை நினைத்தபோது, பொறுப்பு எளியதாய்த் தோன்றவில்லை.

முந்நூறா, இருநூறா?

எங்கள் முன் முதலில் இரண்டு லென்ஸ்கள் நின்றன. ஒன்று, 70 முதல் 300 மில்லிமீட்டர் வரை நீளும் நிக்கான் ஏ.எஃப்-பி டி.எக்ஸ் லென்ஸ், எடை 415 கிராம், விலையும் குறைவு. மற்றொன்று, 70 முதல் 200 மில்லிமீட்டர் வரை நீளும் எஃப் 2.8 லென்ஸ், 2009இல் வந்த வகையின் எடை 1,540 கிராம், கடைக்காரர் சொன்ன விலை முந்தியதைப்போல் ஐந்து மடங்கு.

பேரவைக் கூட்டத்தில் பொருளாளர் எழுந்தார். வங்கியில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்பவர். "வாத்தியார் சார், 200ஐவிட 300 பெரியதுதானே? பெரியது மலிவாகக் கிடைக்கும்போது சிறியதற்கு ஏன் ஐந்து மடங்கு கொடுக்க வேண்டும்? மறைக்கல்வி நடக்கும் கூடத்தில் மழைக்காலத்தில் ஓடு ஒழுகுகிறது, அதையும் மறந்துவிடாதீர்கள்" என்றார்.

நியாயமான கேள்வி. லென்ஸ் வாங்கப் புகும் எவருக்கும் முதலில் எழும் கேள்வியும் இதுவே. இதற்கு விடை காண இரண்டு கணக்குகள் போதும்.

முதல் கணக்கு தூரத்தைப் பற்றியது. எங்கள் கோவிலில் இடப்பக்கத்து நான்காம் தூணிலிருந்து பீடம் வரை நாடா பிடித்து அளந்தோம், 18 மீட்டர். கேமராவின் சென்சார் 23.5 மில்லிமீட்டர் அகலமுள்ளது. சென்சாரின் அகலத்தைத் தூரத்தால் பெருக்கி, லென்ஸின் குவியத் தொலைவால் வகுத்தால், படத்தில் அடங்கும் காட்சியின் அகலம் கிடைக்கும். 70இல் வைத்தால் 6 மீட்டர். பீடமும் பீடச் சிறுவரும் முழுமையாய் அடங்குவர். 200இல் வைத்தால் 2.1 மீட்டர், கேமராவை நிமிர்த்திப் பிடித்தால், பீடத்தின் பின்னே அப்பத்தை உயர்த்தி நிற்கும் குரு அளவாய் அடங்குவார். 300இல் வைத்தால் 1.4 மீட்டர், குருவின் முகமும் கைகளுமே தெரியும். ஆகவே, அந்தத் தூணருகே நிற்பவருக்கு 200 போதும். பாடகர் குழு நிற்கும் மேல்மாடத்திலிருந்து எடுத்தால்தான் 300இன் தேவை எழும்.

இரண்டாம் கணக்கு ஒளியைப் பற்றியது. உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. எஃப் என்னும் எழுத்தோடு வரும் எண், லென்ஸின் வாயில் எவ்வளவு திறக்கும் என்பதைக் காட்டும். எண் சிறியதாக இருந்தால் ஒளி மிகுதி. 200 மில்லிமீட்டர் லென்ஸ் எஃப் 2.8 என்று திறக்க, 71 மில்லிமீட்டர் விட்டமுள்ள வாயில் வேண்டும். அவ்வளவு பெரிய கண்ணாடி வில்லைகளைப் பிழையின்றிக் கடைந்து எடுப்பதால்தான் அந்த எடையும் அந்த விலையும். மலிவான லென்ஸோ 300இல் எஃப் 6.3 வரைதான் திறக்கும். அதன் வாயில் 48 மில்லிமீட்டர். சிறிய வாயில் வழியே வரும் ஒளியைக்கொண்டு பெரிய பிம்பத்தையும் வரைய வேண்டும். ஒரு கரண்டி மாவில் பெரிய தோசை வார்த்தால் அது மெலிந்துதானே போகும்? கணக்கிட்டால், எஃப் 2.8 தரும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்குதான் எஃப் 6.3இல் கிடைக்கிறது.

இதன் விளைவைக் கோவிலுக்குள் பாருங்கள். காலை ஆறு மணித் திருப்பலி. சன்னல்களில் இன்னும் வெளிச்சம் ஏறவில்லை. குழல் விளக்குகளே துணை. மின்னொளியோ கூடாது. எஃப் 2.8இல், ஐ.எஸ்.ஓ. 3200 என்று வைத்து, நொடியில் இருநூறில் ஒரு பங்கு நேரத்தில் படம் பிடிக்க முடிந்தது. அதே வெளிச்சத்தில் எஃப் 6.3 என்றால் நாற்பதில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருக்க வேண்டும். கையில் பிடித்து எடுப்போர் குவியத் தொலைவுக்கு ஈடான வேகமாவது வைப்பது பழைய மரபு. 200க்கு இருநூறில் ஒரு பங்கு என்பதுபோல. சென்சார் சிறியதாக இருந்தால் அதற்கும் மேலே வேண்டும். அதிர்வுத் தடுப்பு கை நடுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால், நற்கருணை வாங்க முன்வரும் குழந்தை அசையாமல் நிற்குமா? குழந்தையின் அசைவை எந்த அதிர்வுத் தடுப்பும் தடுக்காது. படத்தில் தூண் தெளிவாய் இருக்கும். குழந்தையின் முகம் மங்கிப் போகும்.

இவ்விரண்டு கணக்குகளையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். நம் கோவில்களில் நமக்குக் குறைவாய் இருப்பது தூரத்தை எட்டும் ஆற்றல் அன்று. ஒளிதான் என்பது எல்லாருக்கும் விளங்கிற்று. பொருளாளரும் தலையசைத்தார். ஆனாலும், "விலை ஐந்து மடங்கு என்பது மட்டும் மாறவில்லையே, சார்" என்றார்.

சுமப்பவர் யார்?

எண்களைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய எனக்கு மனம் வரவில்லை. மதுரையில் லென்ஸ்களை நாள் வாடகைக்குத் தரும் கடைகள் உண்டு. பெருந்தொகை செலவிடுமுன் இந்தச் சிறு செலவைச் செய்து பார்ப்பது அறிவுடைமை. இரண்டு லென்ஸ்களையும் இரண்டு ஞாயிறுகளுக்கு வரவழைத்தோம்.

எங்கள் பங்கில் கேமராவைப் பொறுப்போடு கையாள்பவள் இளைஞர் இயக்கத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருத்தி. முதல் ஞாயிறு மலிவான லென்ஸ். எடை தெரியவில்லை, படங்களோ நான் கணக்கிட்டபடியே மங்கின. அடுத்த ஞாயிறு பெரிய லென்ஸ். படங்கள் அருமை! பீடத்தின் மெழுகுதிரிச் சுடர் பொன்னாய் ஒளிர்ந்தது. பின்னணி இதமாய்க் கரைந்து, குருவின் கரங்கள் மட்டும் தெளிவாய் நின்றன. கணக்கு வென்றது என்று நானும் மகிழ்ந்தேன்.

திருப்பலி முடிந்ததும் அந்தப் பெண் லென்ஸை மேசைமேல் வைத்துவிட்டுத் தோளைத் தடவிக்கொண்டாள். கேமராவோடு சேர்த்து இரண்டு கிலோவுக்கு மேல். "சார், படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பூசை முழுவதும் இதைத் தூக்கிக்கொண்டு நின்றால் நான் முழந்தாளிடுவது எப்போது? செபிப்பது எப்போது?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது எடையைப் பற்றிய கேள்வி மட்டும் அன்று. பீடத்தை மறைப்பவர் மக்களின் வழிபாட்டைக் கெடுக்கிறார் என்று இவ்வளவு நாளும் பேசினோம். படம் எடுப்பவரும் அந்த இறைமக்களில் ஒருவர்தாமே? அவருக்கும் அந்தத் திருப்பலி உரியதுதானே? ஊரார் எல்லாரும் செபிப்பதற்காக ஒரு பெண் தன் ஞாயிற்றுத் திருப்பலியை இழக்க வேண்டும் என்றால், அந்த ஏற்பாடு எப்படி நல்லதாகும்? விருந்து சமைத்தவரைப் பட்டினியாய் அனுப்புவது போலன்றோ அது!

அப்போதுதான் மூன்றாவது லென்ஸ் ஒன்றை எண்ணிப் பார்த்தோம். 70 முதல் 200 வரை நீளும் அதே வகை. ஆனால் எஃப் 4. 2012இல் வந்தது, எடை 850 கிராம். எஃப் 2.8இல் கிடைக்கும் ஒளியில் பாதி கிடைக்கும், எஃப் 6.3ஐப் பார்க்கிலும் இரண்டரை மடங்கு. நூறில் ஒரு பங்கு நேரம் என்றால், குரு அப்பத்தை உயர்த்தி நிறுத்தும் கணத்துக்கு அது தாராளம். குழந்தைகள் அசையும் வேளையில் ஐ.எஸ்.ஓ.வை 6400 ஆக்கினால் மீண்டும் இருநூறில் ஒரு பங்கு வேகம் கிடைக்கும். படத்தில் சற்று மணல் தூவினாற்போல் தோன்றும், அவ்வளவே. சுவரில் மாட்டும் அளவுக்கு அச்சிட்டால் அது கண்ணில் படாது.

பக்கத்து ஊரில் திருமணப் படம் எடுக்கும் தெரிந்தவர் ஒருவர் புதுவகைக் கண்ணாடியற்ற கேமராவுக்கு மாறியிருந்தார். நிக்கான் நிறுவனம் 2018இல் இசட் வரிசையைத் தொடங்கியபின் இப்படி மாறுவோர் பலர். பழைய லென்ஸ்கள் நல்ல நிலையில் கைமாறுகின்றன. அவரிடம் இந்த எஃப் 4 லென்ஸ் இருந்தது. புதிய பெரிய லென்ஸின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குத் தந்தார். மிஞ்சிய பணத்தைப் பொருளாளர் கூடத்துக் கூரைக் கணக்கில் வரவு வைத்தார். ஓடு முழுவதும் மாற்ற அது போதாதுதான். ஆனால் வேலை தொடங்கப் போதுமானதாயிற்று.

மே மாதத்தில் புதுநன்மை விழா வந்தது. பெற்றோரெல்லாம் செல்பேசியைப் பைக்குள் வைத்துவிடும்படியும், படங்கள் எல்லாருக்கும் வழங்கப்படும் என்றும் பங்குத்தந்தை முன்னரே அறிவித்திருந்தார். அந்தப் பெண் நான்காம் தூணோரம், வழக்கமாய்த் தன் தாயோடு அமரும் இருக்கையின் ஓரத்திலேயே நின்றாள். வாசகங்களின்போது அமர்ந்தாள், எழுந்தேற்றத்தின்போது ஒரே ஒரு படம் எடுத்தபின் முழந்தாளிட்டாள். பிள்ளைகள் நற்கருணை வாங்கும்போது எழுந்து நின்று எடுத்தாள். எல்லாரும் வாங்கியபின் கேமராவை இருக்கையில் வைத்துவிட்டுத் தானும் சென்று நற்கருணை வாங்கினாள்.

திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் பதற்றத்தோடு வந்து, "போட்டோ எடுக்க யாருமே வரவில்லையே, என் பிள்ளைக்குப் படம் இல்லையா?" என்று கேட்டார். அவள் புன்னகைத்துக் கேமராவின் திரையைக் காட்டினாள். கண்களை மூடி, கைகூப்பி, நாவில் ஆண்டவரை ஏற்கும் சிறுவன். அருகில் யாரோ நிற்கிறார் என்ற கூச்சம் அம்முகத்தில் இல்லை. அத்தாய் சற்றுநேரம் ஒன்றும் பேசவில்லை. ஒரு லென்ஸைப் பற்றி இதைவிட நல்ல மதிப்புரையை நான் எங்கும் படித்ததில்லை.

இல்லத்துக்கு எது ஏற்றது?

இதைப் படிக்கும் குடும்பங்கள் எல்லாம் எஃப் 4 லென்ஸையே தேட வேண்டும் என்பது என் கருத்தன்று. லென்ஸ் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. பிள்ளைகளின் பள்ளி விளையாட்டு விழா, கடற்கரைச் சுற்றுலா, பறவை பார்த்தல் ஆகியவை பகல் வெளிச்சத்தில் நடப்பவை. அங்கே ஒளிக்குப் பஞ்சமில்லை, தூரமே குறை. நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் காப்பகத்துக்குப் பலர் குடும்பத்தோடு செல்கின்றனர். மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே மரங்களில் கூடு கட்டுகின்றன. ஊர் மக்கள் அவற்றைத் தம் பிள்ளைகளைப்போல் காக்கின்றனர். கூட்டருகே செல்லாமல் எட்ட நின்று எடுக்க, 415 கிராம் எடையுள்ள அந்த மலிவான 70-300 லென்ஸே மிகப் பொருத்தம். ஒன்றை மட்டும் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்: ஏ.எஃப்-பி வகை லென்ஸ் டி 90 போன்ற பழைய கேமராக்களில் இயங்காது. உங்கள் கேமராவின் பெயரைச் சொல்லிக் கேட்டபின் வாங்குங்கள்.

பழைய லென்ஸ் வாங்குவோர் கைவிளக்கு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். லென்ஸின் ஒருபுறம் விளக்கைப் பிடித்து, மறுபுறத்திலிருந்து சாய்த்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலைபோல் இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஜூம் வளையம் தடையின்றிச் சுழல்கிறதா, அதிர்வுத் தடுப்பு இயங்குகிறதா என்றும் பாருங்கள். கடலோரப் பங்குகளில் உள்ளோர்க்கு இன்னொரு சொல்: ஈரக்காற்றே லென்ஸின் பகை. தோல் பையில் போட்டு அலமாரியில் பூட்டி வைத்தால் பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, வாரம் ஒருமுறையேனும் வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள்.

நீண்ட கண்ணுக்கும் ஒழுக்கம் உண்டு

தொலைவிலிருந்து காணும் ஆற்றல் கைக்கு வந்ததும் இரண்டு சோதனைகள் உடன் வருகின்றன.

முதலாவது, பொய்ச் சாட்சி. தெருவின் ஒரு முனையில் வெகு தூரம் தள்ளி நின்று, நீண்ட லென்ஸால் சப்பரப் பவனியை எடுத்துப் பாருங்கள். இடையிடையே விலகி நடப்போரும் ஒருவரையொருவர் நெருக்கி நிற்பதுபோல் தோன்றுவர். முந்நூறு பேர் மூவாயிரம் பேராய்த் தெரிவர். தூரத்தில் நின்று காணும் எந்தக் கண்ணுக்கும் இடைவெளிகள் சுருங்கித் தோன்றுவது இயல்பு. லென்ஸ் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. அழகுக்காக எடுப்பதில் குற்றமில்லை. ஆனால் அப்படத்தைக் காட்டி, இவ்வளவு கூட்டம் என்று பெருமை பேசுவோமானால், எட்டாம் கட்டளை நம்மைக் கேள்வி கேட்கும்.

இரண்டாவது, பிறருடைய கண்ணீர். அடக்கத் திருப்பலியில், கல்லறைத் தோட்டத்தில், தன்னை ஒருவர் பார்க்கிறார் என்று அறியாமல் ஒரு விதவை அழுகிறாள். அருகில் கேமராவோடு வருபவரைக் கண்டால் அவள் முகத்தை மூடிக்கொள்வாள். எட்ட நிற்பவரை அவள் காண்பதில்லை. மூடிக்கொள்ளும் உரிமையை இழந்துவிடுகிறாள். ஆகவே, கண்ணுக்குத் தெரியாமல் நிற்பவருக்குக் கடமை கூடுதலாகிறது. எங்கள் பங்கில் இதற்கென ஒரு விதி வகுத்துள்ளோம்: குடும்பத்தார் கேட்டாலன்றி அடக்கச் சடங்கில் படம் இல்லை, கேட்டாலும் அழும் முகங்கள் இல்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே எக்காரணத்தைக் கொண்டும் கேமரா இல்லை.

எட்ட நிற்பது என்பது அக்கறையற்று விலகி நிற்பது அன்று. நற்செய்தியில் ஆலயத்தின் கடைசியில் நின்ற ஆயக்காரனை எண்ணிப் பாருங்கள். பரிசேயன் முன்னே நின்றான், தன்னையே கண்டான். ஆயக்காரன் தூரத்தில் நின்றான், இறைவனைக் கண்டான். கல்வாரியிலும் கலிலேயப் பெண்கள் தூரத்தில் நின்றுதான் யாவற்றையும் கண்டனர். உயிர்ப்பின் காலையில் கல்லறைக்கு முதலில் வந்து, உலகுக்கு நற்செய்தி சொல்லும் பேறு பெற்றவர்கள் அவர்களே.

ஆகவே, உங்கள் இல்லத்திலோ பங்கிலோ ஒரு லென்ஸ் வாங்க நேர்ந்தால், எவ்வளவு தூரம் எட்டும் என்ற கேள்வியோடு நின்றுவிடாதீர்கள். நாம் நிற்க வேண்டிய இடம் எது? அங்கே ஒளி எவ்வளவு? அதைச் சுமக்கப் போகும் கைகள் எவருடையவை? அந்தக் கைகள் கூப்பவும் நேரம் இருக்குமா? இந்நான்குக்கும் விடை கண்டபின் கடைக்குச் செல்லுங்கள். அப்படி வாங்கிய லென்ஸ் எளியதாயினும், அது எழுதும் நினைவேடு உங்கள் நடுக்கூடத்துச் சுவரில் திரு இருதயப் படத்தின் கீழே நிற்கத் தகுதி உடையதாகும்.